நண்பர்களைக் கேட்ட வெள்ளாளன்விளைக்காரர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி வேறு எதையோ தேடப்போய், 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டு அறிக்கையின் ஒன்பதாம் தொகுதியில் மாட்டிக்கொண்டேன். ஸ்கேன் செய்த பழைய புத்தகம். அதில் ஒரு சொற்பொழிவு, பத்துப் பக்கம் இருக்கும். பேசியவர் நம்ம ஊர்க்காரர், வேதநாயகம் சாமுவேல் அசரியா. பள்ளிக்கூடத்திலேயே அவர் பெயரைக் கேட்டிருக்கிறேன். "முதல் இந்தியப் பேராயர்" என்று ஞாயிறு பள்ளி வினாடி வினாவில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வருவார், அவ்வளவுதான். அந்தப் பத்துப் பக்கத்தைப் படித்து முடித்தபோது மணி இரண்டரை. படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அசரியா இல்லை, என்னுடைய ஒரு நண்பர். அவரைப் பற்றிப் பிறகு சொல்றேன்.

இந்தப் பதிவில் நான் எழுதிப் பார்க்க நினைக்கும் கேள்வி இதுதான். சபை நிறைய நல்லவர்கள் இருக்கிறார்கள், உதவி செய்கிறார்கள், ஜெபிக்கிறார்கள். அப்படியிருந்தும் விசுவாசத்தைத் தாங்கிப் பிடிக்கிற நட்பு மட்டும் ஏன் அபூர்வமாக இருக்கிறது? அதற்கு என்னதான் வேண்டும்?

யார் இந்த அசரியா

1874 ஆகஸ்ட் 17 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்தவர். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டுப் பனங்காட்டு ஊர். அப்பா கிராமத்துக் குருவானவர். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார், வளர்த்தது அம்மா. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். 1895-ல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராகச் சேர்ந்து, அடுத்த 14 வருஷம் தென்னிந்தியா முழுக்க மாணவர்கள் நடுவே சுற்றினார்.

1896-ல் அமெரிக்காவிலிருந்து ஒருவர் அதே ஒய்.எம்.சி.ஏ. வேலைக்கு இந்தியா வந்தார். ஷெர்வுட் எடி. யேல் பல்கலைக்கழகப் பட்டதாரி, வசதியான வீட்டுப் பிள்ளை, அதனால் சம்பளம் வாங்காமலேயே வேலை பார்த்தவர். வயது 25. அசரியாவுக்கு 22. எடி தமிழ் கற்றுக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள், சேர்ந்து பிரசங்கித்தார்கள், சேர்ந்து ஜெபித்தார்கள். ஆள்கிற இனத்து ஆளும் ஆளப்படுகிற இனத்து ஆளும் சமமாகப் பழகுவது சாதாரண விஷயமில்லாத காலம் அது. அந்த நட்பு கடைசி வரைக்கும் நின்றது.

1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்து, தாங்களே ஆள் அனுப்பி ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். நம்ம திருநெல்வேலிச் சபை இத்தனை வருஷப் பழைய சபை, நாம் ஒருவரைக்கூட அனுப்பவில்லையே என்று உறுத்தியது. அடுத்த வருஷமே திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1905 கிறிஸ்துமஸ் அன்று வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1909-ல் ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டுவிட்டு, நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகவே போய்விட்டார். மொழி தெலுங்கு, புதிதாகக் கற்க வேண்டும். ஊரும் ஜனமும் புதிது.

இந்த ஆள்தான் 35 வயதில் எடின்பரோ மேடையில் ஏறினார்.

அந்த மாலை

1910 ஜூன் 14 முதல் 23 வரை நடந்த மாநாடு அது. சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் ஏறக்குறைய இருபது பேர்தான் தேறுவார்கள். அசரியாவுக்குக் கொடுத்த தலைப்பு, வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பு. நன்றி சொல்லி, நாலு புள்ளிவிவரம் கொடுத்து இறங்கியிருந்தால் எல்லாரும் கைதட்டியிருப்பார்கள்.

அவர் சொன்னதன் சாரத்தை என் வார்த்தையில் தருகிறேன். பத்து வருஷமாகப் பல மிஷன்களைச் சுற்றிப் பார்த்திருக்கிறேன், ஐரோப்பிய மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவே இருக்கிற உறவு இருக்க வேண்டியபடி இல்லை. ஒதுங்கி நிற்கிறீர்கள். மனம் திறந்த பேச்சு இல்லை. சம்பளம் கொடுப்பவர், வாங்குபவர் என்ற உறவுதான் இருக்கிறது. ஆரம்பகால மிஷனரிகள் தகப்பன்மாராக இருந்தார்கள், அன்று விசுவாசத்துக்கு வந்தவர்களும் பிள்ளைகளாக இருப்பதில் சந்தோஷப்பட்டார்கள். இப்போது வந்திருப்பது அடுத்த தலைமுறை. அவர்களைப் பிள்ளைகளாக நடத்தினால் ஒத்துவராது.

கடைசியில் 1 கொரிந்தியர் 13-ஐ எடுத்தார். ஆஸ்தியையெல்லாம் அன்னதானம் பண்ணினாலும், உடம்பையே சுட்டெரிக்கக் கொடுத்தாலும் அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை என்கிற பகுதி நமக்குத் தெரியும். மிஷனரிகளின் தியாகத்துக்கு இந்தியச் சபை என்றைக்கும் நன்றியோடிருக்கும் என்று மனதாரச் சொல்லிவிட்டு, அவர்கள் பொருளையும் உயிரையும் கொடுத்ததை அந்த வேதபகுதியின் வார்த்தைகளிலேயே நினைவுபடுத்தினார். பிறகு கேட்டார்: அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள்.

சபையில் பாராட்டும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. நூறு வருஷம் கழித்தும் அந்த மாநாட்டைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இந்தப் பேச்சைத் தொடாமல் போவதில்லை.

ஏன் "நண்பர்கள்"?

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். அவர் அதிகாரம் கேட்டிருக்கலாம், சம சம்பளம் கேட்டிருக்கலாம். இரண்டுமே நியாயமான கோரிக்கைகள். ஆனால் அவர் எடுத்த சொல் வேறு. அது உணர்ச்சிவசப்பட்ட முடிவுரை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அது ரொம்பத் துல்லியமான சொல்.

தகப்பன் பிள்ளையைக் கண்டிக்கலாம், பிள்ளை தகப்பனைக் கண்டிப்பது கஷ்டம். முதலாளி வேலைக்காரரிடம் குறை சொல்லலாம், வேலைக்காரர் திருப்பிச் சொன்னால் வேலை போகும். உபகாரி கொடுக்கலாம், வாங்குகிறவர் நன்றி மட்டும்தான் சொல்ல முடியும். இந்த எல்லா உறவிலும் பாசம் இருக்கலாம். ஆனால் உண்மை ஒரு பக்கமாகத்தான் ஓடும். மேலிருந்து கீழே. நட்பில் மட்டும்தான் இரண்டு பக்கமும் ஓடும்.

யோவான் 15:15-ல் இயேசு சீஷர்களைப் பார்த்து, இனி உங்களை ஊழியக்காரர் என்று சொல்வதில்லை என்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பில் அடுத்து வரும் சொல் "சிநேகிதர்". அதற்கு அவர் கொடுக்கும் காரணத்தைக் கவனியுங்க. ஊழியக்காரனுக்கு எஜமான் செய்வது என்னவென்று தெரியாது, உங்களுக்கோ பிதாவிடம் கேட்டதையெல்லாம் அறிவித்தேன் என்கிறார். அதாவது ஒளித்து வைக்காமல் சொல்வதுதான் சிநேகிதத்தின் அடையாளம். நான் பார்க்கிற தொழிலில் சொன்னால், ஒருவருக்குப் படிக்க மட்டும் அனுமதி, இன்னொருவருக்குத் திருத்தவும் அனுமதி என்றிருந்தால் அது கூட்டு வேலை ஆகாது.

அசரியாவால் அதைக் கேட்க முடிந்ததற்கு எனக்குத் தெரிகிற ஒரு காரணம், அவருக்கு அப்படி ஒன்று ஏற்கெனவே கிடைத்திருந்தது. எடியோடு பதினாலு வருஷம் பழகியிருந்தார். வெள்ளைக்காரரும் இந்தியரும் நண்பர்களாக இருக்க முடியும் என்பது அவருக்குக் கற்பனையல்ல. ருசி பார்த்தவர்தான் "இது எல்லாருக்கும் வேண்டும்" என்று கேட்பார்.

அந்தியோகியாவில் ஒரு சாப்பாட்டு மேசை

இது புதுப் பிரச்சினை இல்லை. கலாத்தியர் 2-ஐ எடுத்துப் பாருங்க. பேதுரு அந்தியோகியாவுக்கு வருகிறார். யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், எல்லாம் நல்லாத்தான் போகுது. எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும் மெதுவாக எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகுகிறார்கள், பவுலின் நெருங்கிய கூட்டாளி பர்னபாகூட.

பேதுரு எந்த உபதேசத்தையும் மாற்றிச் சொல்லவில்லை. உட்காரும் இடத்தைத்தான் மாற்றினார். ஆனால் பவுல் அதை, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே விரோதமான நடத்தை என்று எடுத்துக்கொண்டார். எல்லாருக்கும் முன்னால், முகத்துக்கு நேராகக் கேட்டார். பேதுரு யார்? இயேசுவோடு மூன்று வருஷம் நடந்தவர். பவுல் பின்னால் வந்தவர், அதுவும் சபையைத் துன்புறுத்திவிட்டு வந்தவர். சீனியாரிட்டி பார்த்திருந்தால் வாயே திறந்திருக்க முடியாது.

பேதுரு என்ன பதில் சொன்னார் என்று அந்த நிருபம் சொல்லவில்லை. ஒரே ஒரு தடயம் மட்டும் உண்டு. 2 பேதுரு 3-ல் பவுல் "பிரியமான சகோதரன்" என்று குறிப்பிடப்படுகிறார். அந்த நிருபத்தைப் பேதுருவே எழுதினாரா என்று ஆய்வாளர்களிடம் கருத்து வேறுபாடு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். யார் எழுதியிருந்தாலும், அந்தச் சண்டை உறவை முறித்துவிடவில்லை என்றே ஆதிச் சபை நினைவில் வைத்திருந்தது.

நம்ம வள்ளுவரும் இதே இடத்துக்குத்தான் வருகிறார். நட்பு அதிகாரத்தில் 784-ஆம் குறளைப் பாருங்க. சிரித்துப் பேச மட்டும் நட்பு இல்லை, எல்லை மீறும்போது முந்திக்கொண்டு போய் இடித்துச் சொல்லவும்தான் என்கிறது. நீதிமொழிகள் 27:6-ம் அதையே வேறு விதமாகச் சொல்கிறது. சிநேகிதன் அடிக்கும் அடியை நம்பலாம், சத்துரு கொடுக்கும் முத்தத்தை நம்ப முடியாது.

என் கதை

இப்போது அந்த நண்பர். அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவேன், என்னைவிட நாலு வயது மூத்தவர். கல்லூரி விடுதியில் பழக்கம். அப்புறம் சென்னையில் ஒரே சபை, ஒரே வியாழக்கிழமை ஜெபக்குழு.

2009 தொடக்கத்தில் எனக்கு வேலை போனது. என் பிராஜெக்டில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். மனைவிக்குத் தெரியும், வேறு யாருக்கும் சொல்லவில்லை. அதைவிடக் கேவலம், வியாழக்கிழமைதோறும் ஜெபக்குறிப்பு கேட்கும்போது "வேலையில் கர்த்தர் நல்ல கிருபை தருகிறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். இப்படியே ஏறக்குறைய நாலு மாசம். அந்த நாட்களில் ஜெபமே வரவில்லை. ஜெபக்குழுவில் வாய் பேசும், வீட்டில் முழங்காலில் நின்றால் ஒன்றும் வராது. மனுஷரிடம் பொய் சொல்லிக்கொண்டே தேவனிடம் மட்டும் உண்மை பேசலாம் என்று நினைத்திருந்தேன். எனக்கு அது முடியவில்லை.

ஒரு ராத்திரி கூட்டம் முடிந்து பைக்கை எடுக்கப் போகையில் அண்ணாச்சி பக்கத்தில் வந்தார்.

"ஏல, வேலை போயி எத்தன மாசமாச்சு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"எனக்குப் போன மாசமே தெரியும். நீயே சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லப்போறதில்லன்னு இன்னைக்குத் தெரிஞ்சிபோச்சு. ஆண்டவர் பேரச் சொல்லிப் பொய் சொல்லாதல. வேற என்ன வேணும்னாலும் சொல்லு."

அங்கேயே நின்று அழுதேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த மாச வாடகைக்குப் பணம் கொடுத்தார், எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்கவில்லை. ஆனால் அடுத்த வியாழன் குழுவில் நானே உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் விடாப்பிடியாக நின்றார். சொன்னேன். சொல்லி முடித்ததும் குழுவில் இன்னொருவர், தனக்கும் மூன்று மாசமாகச் சம்பளம் வரவில்லை என்றார். எத்தனையோ வருஷமாகச் சேர்ந்து ஜெபித்த குழு, அன்றைக்குத்தான் ஒருவரையொருவர் பார்த்தது. யாக்கோபு 5:16, குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஜெபம்பண்ணச் சொல்கிறது. அறிக்கைக்கும் சுகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அதுவரை புரிந்ததில்லை.

அன்றைக்கு அவர் டீ மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு உண்மையைக் கேட்காமல் விட்டிருந்தால் அது இரக்கத்தோடு நின்றிருக்கும். உண்மையை மட்டும் கேட்டுவிட்டு டீயும் வாடகையும் இல்லாமல் போயிருந்தால் விசாரணையாகியிருக்கும். இரண்டும் ஒரே ஆளிடமிருந்து, ஒரே ராத்திரியில் வந்தது.

அசரியாவின் மறுபக்கம்

இங்கே ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. எடின்பரோவில் வெள்ளைக்காரரிடம் சமத்துவம் கேட்ட கேள்வி, ஊருக்குத் திரும்பியதும் நம்மையே பார்த்துத் திரும்பும். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். அதற்கு முன்னால் எதிர்ப்பு ஐரோப்பியரிடமிருந்து மட்டும் வரவில்லை. நம்ம ஊர்க் கிறிஸ்தவர்களிடமிருந்தும் வந்தது, அதில் சாதியும் இருந்தது.

தோர்ணக்கல்லில் சபைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற இரண்டு ஒடுக்கப்பட்ட சமூகத்தவர்கள். ஊர் அந்த இரண்டு பேரையும் ஒதுக்கியது. அவர்களோ ஒருவரோடொருவர் சேர்ந்து சாப்பிட மாட்டார்கள். மறுபடியும் அந்தியோகியா மேசை. சபைக்குள் சாதி கூடாது என்பதில் அசரியா உறுதியாக நின்றார். 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் சாகும்வரை அதுதான் அவர் வேலையின் பெரும்பங்கு. மேலே இருப்பவரிடம் நட்பு கேட்டவர், அதைத் தனக்குக் கீழே என்று சமூகம் வைத்திருந்தவர்களோடு வாழ்ந்து காட்ட வேண்டியிருந்தது. கேட்பதைவிட அது கஷ்டம்.

எனக்கும் அது வந்தது. போன வருஷம் அண்ணாச்சி தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடினார். விவரக் குறிப்பை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பி, "பாத்து திருத்திக் குடு" என்றார். எதிர்பார்ப்பு என்ற இடத்தில் முதல் வரியில் சாதி, அதுவும் உட்பிரிவோடு. மூன்றாவது வரியில்தான் "இரட்சிக்கப்பட்டவர்". நான் எழுத்துப் பிழைகளைத் திருத்தி அனுப்பிவிட்டேன். அந்த வரியைப் பற்றி மூச்சு விடவில்லை. மூன்று வாரம் அப்படியே போனது. என்னிடம் பைக் பக்கத்தில் நின்று பேசிய மனுஷனிடம் எனக்குப் பேச வாய் வரவில்லை. "அவர் குடும்ப விஷயம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சபைகளில் இதைத்தான் மரியாதை என்கிறோம்.

கடைசியில் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். திக்கித் திணறித்தான் சொன்னேன். "அண்ணாச்சி, அந்த மொத வரி நம்ம விசுவாசத்துக்குச் சரியில்ல. மூணு வாரம் முன்னாலயே சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு."

"ஒனக்கு மகன் மட்டும்தான். ஒனக்குப் புரியாது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் இரண்டு மாசம் போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

கடைசியாக

எடின்பரோ பேச்சை நான் படித்தது அந்த இரண்டு மாசத்துக்குள்தான். அசரியா இறங்கி வந்து உட்கார்ந்த பிறகு அந்த அரங்கில் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். எரிச்சலோடு பார்த்தவர்களில் அவரோடு சாப்பிட்டவர்களும் இருந்திருக்கலாம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது மூன்று விஷயம். ஒன்று, விசுவாசத்தைத் தாங்குகிற நட்பில் இரண்டு பேருக்கும் திருத்த அனுமதி இருக்க வேண்டும், எப்போதும் ஒருவரே திருத்திக்கொண்டிருந்தால் அது போதகர் உறவு, நல்லதுதான், ஆனால் வேறு. இரண்டு, அந்த உரிமை சேர்ந்து சாப்பிட்டு, வாடகை கொடுத்து, கூட நடந்து சம்பாதிக்க வேண்டியது. மூன்று, சொன்னதற்கு விலை உண்டு. உடனே பலன் வரும் என்று உத்தரவாதம் இல்லை, கலாத்தியர் 2-ல்கூட இல்லை.

இந்தப் பதிவை எழுதத் தொடங்கிய வாரம் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். "நீ சொன்னது சரிதாம்ல. வீட்ல பேசிப்பாத்தேன். அம்மா ஒத்துக்கல, எனக்கும் தைரியம் பத்தல. அந்த வரிய இன்னும் எடுக்கல. பொய் சொல்லக் கூடாதில்லா, அதான் சொல்றேன். ஜெபம் பண்ணு. ஞாயித்துக்கிழம சாப்பிட வா."

போகிறேன். இந்தத் தடவை நான் என்ன சொல்வேன் என்று தெரியாது. அவர் மேசையில் உட்காருவேன், அது மட்டும் தெரியும்.